கடைசியாகக் கை வைத்தவர்

குரு என்றால் தாடி வேண்டும், தலைக்கு மேல் ஓர் ஆலமரம் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையின் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் கோகிலவாணி. சீடருக்கு வயது நாற்பத்தேழு. பெயர் நல்லசிவம். இருவரும் வேலை பார்த்தது சிங்காநல்லூரில், ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த சாஃப்ட்வேர் கம்பெனியில். மூன்று மணிக்குக் கீழே தேங்காய் பன் வெந்துவிட்டால், மேலே ஒருவருக்கும் வேலை ஓடாது.

நல்லசிவம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவர். எங்கே வண்டி மோதினாலும் போய் நின்று, நசுங்கிய பம்பரைத் தடவிப் பார்த்து, தப்பு யார் மேல் என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். நாற்பத்தைந்தாவது வயதில் மகளின் கல்லூரிப் புத்தகத்தைச் சும்மா புரட்டப் போய், புரோகிராம் எழுதுகிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. வேலையை விட்டார். மகளோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தார். ஒரு வழியாகக் கோகிலவாணிக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்தார்.

சேர்ந்த அன்றே கைகூப்பினார்.

"இனி நீங்கதான் என் குரு."

"ஐயோ அண்ணா, கையைக் கீழ போடுங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும் குருவே."

அன்று தொடங்கியதுதான். எவ்வளவு சொல்லியும் அவர் விடவில்லை. கோகிலவாணியும் ஒரு மாதத்துக்கு மேல் போராடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்தக் கம்பெனி, குஞ்சு பொரிக்கும் பண்ணைகளுக்கு சாஃப்ட்வேர் செய்தது. முட்டைகளை அடைகாக்கும் மெஷினில் எத்தனை சூடு, எத்தனை ஈரம், எத்தனை மணிக்கு ஒருமுறை முட்டையைத் திருப்ப வேண்டும், சூடு குறைந்தால் எப்போது அபாய மணி அடிக்க வேண்டும், எல்லாம் இவர்கள் எழுதிய புரோகிராம்தான் பார்த்துக்கொள்ளும்.

புரோகிராமில் யார் எந்த வரியை மாற்றினாலும், கிட் என்கிற கருவி அதைக் குறித்து வைத்துக்கொள்ளும். மாற்றியவர் பெயர், தேதி, எதற்காக மாற்றினார் என்று அவரே எழுதும் ஒரு குறிப்பு, மூன்றும் அதில் இருக்கும். குறிப்பு இல்லாமல் அது எந்த மாற்றத்தையும் ஏற்காது. ஆனால் அதில் என்ன கிறுக்கினாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும்.

இப்படி ஒரு கருவி இருக்கிறது என்று தெரிந்த அன்று நல்லசிவத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மிகையில்லை, நிஜமாகவே கலங்கியது. இருபது வருஷம் ரோட்டோரத்தில் சாட்சி தேடி அலைந்தவர் அவர். பார்த்தவன் பார்க்கவில்லை என்பான், பார்க்காதவன் எல்லாம் பார்த்தேன் என்பான். இங்கேயோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு சாட்சி, கையெழுத்தோடு, தேதியோடு.

சும்மா இருப்பாரா? அந்தக் கருவியின் மேல் சொந்தமாக ஒரு ஜன்னல் கட்டினார். எந்த வரியின் மேல் மவுஸை வைத்தாலும், அந்த வரியில் கடைசியாகக் கை வைத்தவரின் பெயர் சிவப்பு எழுத்தில், கட்டை விரல் பருமனில் வந்து நிற்கும். மற்ற எதுவும் வராது. அதற்கு 'சர்வேயர்' என்று பெயரும் வைத்தார்.

"ஏண்ணா கடைசியாத் தொட்டவங்க மட்டும்?" என்று கேட்டார் கோகிலவாணி.

"அதுதான் சட்டம் குருவே. ரோட்டுல பத்து வண்டி நிக்கட்டும். கடைசியா வந்து மோதினவன் மேலதான் தப்பு."

கோகிலவாணி கையிலிருந்த பன்னைப் பிய்த்துப் பாதியை அவரிடம் கொடுத்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் பல்லடம் பண்ணையில் ஒரு மெஷினின் ஹீட்டர் நின்றுபோனது. சூடு இறங்கிக்கொண்டே இருந்தது. மணி அடிக்கவில்லை. மேஸ்திரி அந்தப் பக்கம் தற்செயலாகப் போனவர், கண்ணாடிக்குள் இருந்த எண்ணைப் பார்த்துப் பதறி ஹீட்டரைச் சரிசெய்தார். அவர் எல்லாம் முடித்துக் கையைத் துடைக்கும்போதுதான் மணி அடித்தது. இருபத்தைந்து நிமிடம் தாமதம். முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பண்ணை முதலாளிக்கு வந்த கோபம் இறங்கவில்லை.

புதன்கிழமை காலை கம்பெனி முதலாளி உமாபதி எல்லோரையும் கூட்டினார். கோகிலவாணி அன்று காலை வேறொரு பண்ணைக்குப் போயிருந்தார்.

"பண்ணைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேக்கறாருங்க. இது யார் பண்ணின வேலை? வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் போகணும், அதுல பேர் இருக்கணும். யாரோ, அவங்க கை இனிப் பல்லடம் வேலையில படக்கூடாது."

நல்லசிவத்துக்கு மூக்கில் வேர்த்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்ப் பெரிய திரையில் இணைத்தார். வரியைத் தேடினார். கிடைத்தது. சூடு குறைந்தால் ஆயிரத்து ஐந்நூறு நொடி காத்திருந்து, பிறகு மணி அடி என்றது அந்த வரி. அதன் மேல் மவுஸை வைத்தார்.

ஷர்மிளா பானு.

சிவப்பில், கட்டை விரல் பருமனில்.

பானுவுக்கு வயது இருபத்தாறு. ஒரு வருஷமாகப் பல்லடம் வேலை அவள் பொறுப்பு. தனியாக அவளிடம் கொடுக்கப்பட்ட முதல் வேலை அதுதான். கம்ப்யூட்டர் திரையில் மஞ்சள் குஞ்சுகளின் படத்தை வைத்திருந்தாள். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம், "இது நம்ம பல்லடத்துக் குஞ்சு" என்பாள்.

"இல்லீங்க சார், அந்த வரியை நான்..." என்று ஆரம்பித்தாள்.

"பேர் வந்துருச்சேம்மா," என்றார் நல்லசிவம். குரலில் கடுமை இல்லை. அந்தக் காலத்தில் லாரி டிரைவர்களிடமும் அவர் இப்படித்தான் சொல்வார்.

உமாபதி பெருமூச்சு விட்டார். "பானு, ரிப்போர்ட் போற வரைக்கும் பல்லடம் வேலையைத் தொடாதீங்க. அப்புறம் பாக்கலாம்."

பானு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். மறுபடி கழற்றித் துடைத்தாள்.

மதியம் கோகிலவாணி வந்ததும் நல்லசிவம் பின்னாலேயே போய் நின்றார். நல்ல மார்க் வாங்கிய பிள்ளையின் முகம்.

"குருவே, பல்லடம் விவகாரத்துல தப்பு யார் மேலன்னு கண்டுபிடிச்சாச்சு."

"யாரு?"

"பானு."

"அதுக்கு முன்னாடி?"

"எதுக்கு முன்னாடி குருவே?"

"பானு கை வைக்கறதுக்கு முன்னாடி அந்த வரி எப்படி இருந்துச்சு?"

நல்லசிவம் தலையைச் சொறிந்தார். அவர் கட்டிய ஜன்னலுக்கு அது தெரியாது. கடைசியாகத் தொட்டவரோடு அது நின்றுவிடும்.

"பாத்துட்டு வாங்கண்ணா," என்று கோகிலவாணி தன் டிபன் பாக்ஸைத் திறந்தார்.

நல்லசிவம் இடத்துக்குப் போய், தன் ஜன்னலை மூடிவிட்டு, கிட் கருவியையே நேராகத் திறந்தார். பானு இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பெரிய கோப்பைப் பிரித்து, ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கோப்பு என்று ஆக்கியிருந்தாள். அப்போது இந்த வரியையும் இங்கிருந்து தூக்கி அங்கே வைத்திருக்கிறாள். ஓர் எழுத்து மாறவில்லை. வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்கி வைத்தவள் மேல், பீரோவுக்குள் இருந்ததற்கெல்லாம் பழி போட்டாயிற்று.

சரி, அதற்கு முன்னால் யார்?

பெயரைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

நல்லசிவம்.

சேர்ந்த முதல் வாரம் செய்த வேலை. புரோகிராம் முழுக்க நிமிடக் கணக்கில் இருந்ததை எல்லாம் நொடிக் கணக்குக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். இருபத்தைந்து நிமிடம் என்பதை அவர்தான் ஆயிரத்து ஐந்நூறு நொடி ஆக்கியிருக்கிறார்.

சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை. திரையில் என்ன இருக்கிறது என்று கேட்கப் போவதும் இல்லை. ஜன்னலை மூடிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. பெரிய திரையில் ஒரு பெயரைக் காட்டியாயிற்று, எல்லோரும் நம்பியும் ஆயிற்று. கீழே பன் வெந்துவிட்டது. அந்த வாசனை அன்று அவர் மூக்கில் ஏறவே இல்லை.

பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தவர் எழுந்து குருவிடம் போனார்.

"பாத்துட்டேன்."

"சொல்லுங்கண்ணா."

"பானு வரியைத் தூக்கி வேற இடத்துல வச்சிருக்கு, அவ்வளவுதான். அதுக்கு முன்னாடி கை வச்சது நான்."

"நீங்க என்ன பண்ணீங்க?"

"இருபத்தஞ்சு நிமிஷத்தை நொடியாக்கினேன், வேறொண்ணும் பண்ணல குருவே! நேரம் அதே நேரம்தான். சொன்ன வேலையைத்தான் செஞ்சேன். நான் போய் எப்படி..."

பாதியில் நின்றுவிட்டார். காலையில் இதே வாக்கியத்தைத்தான் பானு ஆரம்பித்தாள். அவர்தான் முடிக்க விடவில்லை.

கோகிலவாணி அவர் முகத்தைப் பார்த்தார். திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை.

"அதுக்கு முன்னாடி?"

நல்லசிவம் மறுபடி இடத்துக்குப் போனார். இந்த முறை சீக்கிரமே திரும்பி வந்தார். உதட்டோரம் ஒரு சிரிப்பு, அடக்கப் பார்த்தும் அடங்கவில்லை.

"குருவே."

"ம்?"

"அதுக்கு முன்னாடி நீங்க."

"நானா?"

உட்கார்ந்திருந்த ஆபீஸ் நாற்காலியைச் சக்கரத்தோடு உருட்டிக்கொண்டே அவர் மேஜைக்கு வந்துவிட்டார் கோகிலவாணி. நிஜந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பதினைந்து நிமிடம் என்று இருந்ததை இருபத்தைந்தாக மாற்றியிருக்கிறார். குறிப்பில் ஒரே ஒரு வரி: சரி செய்யப்பட்டது.

"எதைச் சரி செஞ்சீங்க குருவே?"

கோகிலவாணி கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

"சத்தியமா ஞாபகம் இல்லீங்கண்ணா."

"யாராவது கேட்டாங்களா? ஏன் இருபத்தஞ்சு?"

"தெரியல. ஏதோ காரணம் இருந்துச்சு. நல்ல காரணம்தான்னு நினைக்கறேன்." அசடு வழிந்தார். பிறகு தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். நல்லசிவமும் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அதுக்கு முன்னாடி?" என்று இந்த முறை கேட்டது சீடர்.

இருவரும் சேர்ந்து இன்னும் கீழே போனார்கள். எட்டு வருஷத்துக்கு முன்பு, ஜெரால்டு என்கிறவர். வேலையை விட்டுப் போய் ஆறு வருஷம் ஆயிற்று, இப்போது எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. வரியை முதன்முதலில் எழுதியது அவர்தான். இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரு குறிப்பு வைத்திருந்தார்: மருதாசலம் அண்ணன் கேட்டது. கதவு.

"மருதாசலம் யாரு?"

"பல்லடத்து மேஸ்திரி. நேத்து முட்டையைக் காப்பாத்தினவரே அவர்தான்."

"கதவுன்னா?"

"அதான் எனக்கும் புரியல. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர்ல ஒண்ணும் இல்லீங்க. வரி பிறந்ததே இங்கதான்."

"அப்ப பல்லடம் பஸ் ஏறுங்க," என்றார் கோகிலவாணி.

பஸ் ஏறுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. அதற்குத்தான் நல்லசிவத்துக்குக் கூச்சமாக இருந்தது. பானுவின் மேஜைக்குப் போய் நின்றார். அவள் திரையில் குஞ்சுகள் இல்லை. வெறும் நீலமாக இருந்தது.

"பானு, காலையில நான் பண்ணினது தப்பு. உன்னைப் பேசவே விடல. அந்த வரியில உனக்கு முன்னாடி என் பேர் இருக்கு."

பானு நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியுங்கண்ணா."

"தெரியுமா?"

"காலையிலயே பாத்துட்டேன். நீங்க வெறும் நொடியா மாத்தியிருக்கீங்க. உங்க மேல என்ன தப்பு? அதான் சொல்லல."

இருபது வருஷ சர்வேயர் வாழ்க்கையில் இப்படி ஒரு சாட்சியை நல்லசிவம் பார்த்ததில்லை.

"நாளைக்குப் பல்லடம் போறேன். கூட வர்றியாம்மா?"

"அந்த வேலையைத் தொடக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரே."

"வேலையைத்தானே தொடக்கூடாது? பஸ்ஸைத் தொடலாமே!"

பானு சிரித்துவிட்டாள். ஒரு வருஷம் அந்தப் பண்ணைக்கு வேலை செய்தும், அவள் ஒருமுறைகூட நேரில் போனதில்லை.

வியாழக்கிழமை காலை பண்ணை வாசலிலேயே இருவரையும் நிறுத்திவிட்டார்கள். வெளியே இருந்து நோய்க் கிருமி எதுவும் உள்ளே போய்விடக்கூடாது என்று அங்கே கண்டிப்பான ஒரு வழக்கம். யாராக இருந்தாலும் வாசலில் குளித்து, பண்ணை கொடுக்கிற உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

"காலையில குளிச்சுட்டுத்தானுங்க வந்தேன்," என்றார் நல்லசிவம்.

"அது உங்களுக்குங்க. இது முட்டைக்கு," என்றார் காவலாளி.

நல்லசிவத்துக்குக் கிடைத்த பேன்ட் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. தலையில் வெள்ளைத் தொப்பி. பெண்கள் பக்கத்திலிருந்து பானு வெள்ளைக் கோட்டில் வெளியே வந்தாள். அவரைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மேஸ்திரி மருதாசலம் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சத்தமாகப் பேசுகிற ஆள்.

"வாங்கோ, வாங்கோ. மணி அடிக்காத கம்பெனியா? வாங்கோ."

நல்லசிவம் ஜெரால்டின் குறிப்பைச் சொன்னார். மருதாசலம் தொப்பியைத் தூக்கித் தலையைத் தடவினார்.

"கதவுங்களா? அட ஆமா! எட்டு வருசம் இருக்குமுங்க. மெசினுக்குள்ள முட்டை அடுக்கறப்போ கதவைத் தொறந்துதானுங்க வெக்கோணும். தொறந்தா சூடு எறங்கும். எறங்குனா மணி அடிக்கும். நாளைக்கு நாலு வாட்டி அடுக்கோணும், நாலு வாட்டியும் அடிக்கும். பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, பசங்க மணிக்குள்ள துணியை அடைச்சு வெச்சுட்டானுங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க. ஒரு நாளு நெசமாவே கரண்டு கோளாறு. மணி துணிக்குள்ளயே அடிச்சிருக்குது. எவனுக்குக் கேக்கும்? நாலாயிரம் முட்டை, அத்தனையும் கூமுட்டை. அப்பத்தான் உங்க ஜெரால்டு தம்பிகிட்டச் சொன்னேன், கதவு தொறந்திருக்கறப்ப அடிக்காத மாதிரி பண்ணுப்பான்னு. அவுரு என்ன பண்ணுனாரோ, அதுல இருந்து தொல்லை இல்லீங்க."

"பதினஞ்சு நிமிஷம் பொறுத்துட்டு அடிக்கற மாதிரி பண்ணியிருக்கார். அதுக்குள்ள கதவைச் சாத்திருவீங்கன்னு."

"அப்புடீங்களா!"

"அப்புறம் அதை இருபத்தஞ்சு ஆக்கியிருக்காங்களே, அது ஏனுங்க?" என்று பானு கேட்டாள்.

"அது பெரிய மெசினு வந்தப்போ, அம்மணி. முட்டை ரெண்டு பங்கு, அடுக்கற நேரமும் கூடிப்போச்சு. ஒரு அம்மணி வந்துதுங்க உங்க கம்பெனியில இருந்து. வாட்சைக் கையில வெச்சுக்கிட்டு நாள் பூரா கதவுகிட்டயே ஸ்டூலைப் போட்டு உக்காந்திருந்துது. சோறு திங்கக்கூட எந்திரிக்கல."

நல்லசிவமும் பானுவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாள் முழுக்கக் கதவருகே உட்கார்ந்திருந்தவர், அதைப் பற்றி எழுதி வைத்தது இரண்டே வார்த்தை.

"இப்ப அடுக்க எவ்வளவு நேரமுங்க ஆகுது?"

"இப்பவா? இப்ப அடுக்கறதே இல்லீங்களே. போன மாசந்தான் தள்ளுவண்டி வந்துது. வெளியவே அடுக்கி, வண்டியோட உள்ள தள்ளிச் சாத்திப்போடுவோம். அஞ்சு நிமிசம்." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். முகத்தில் சிரிப்பு மறைந்தது. "ஏனுங், அதை உங்களுக்குச் சொல்லியிருக்கோணுமுங்களா? சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்லீங்களே. அப்ப இது என் மேல தப்புங்களா?"

இருபது வருஷமாக இந்த இடத்தில்தான் நல்லசிவம் பேனாவைத் திறப்பார். எதிராளி தானாக வந்து ஒப்புக்கொள்ளும் இடம். கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. பண்ணைச் சட்டையில் பை இல்லை.

"அதெல்லாம் இல்லீங்க," என்றார். "ஒரு ஸ்டூல் கிடைக்குமுங்களா?"

அன்று நான்கு முறை வண்டி உள்ளே போனது. நான்கு முறையும் பானு நேரம் பார்த்தாள், நல்லசிவம் எழுதிக்கொண்டார். ஒருமுறைகூட ஐந்து நிமிடத்தைத் தாண்டவில்லை. நடுவில் மருதாசலம் பானுவைப் பொரிக்கும் அறைக்கு அழைத்துப் போனார். திரும்பி வந்தபோது அவள் இரண்டு உள்ளங்கைக்குள்ளும் ஒரு குஞ்சு இருந்தது. ஒரு மணி நேரம்கூட ஆகாத குஞ்சு. மறுபடி உள்ளே கொண்டுபோய் விட அவளுக்கு மனசே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை உமாபதி எல்லோரையும் கூட்டினார். நல்லசிவம் எழுந்து நின்றார். திரையில் எதையும் இணைக்கவில்லை.

"புதன்கிழமை எல்லார் முன்னாடியும் பானு பேரைக் காட்டினேன். அது என் தப்புங்க. எல்லார் முன்னாடியும் சொன்னதால எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறேன்."

பானு குனிந்து மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். இந்த முறை துடைக்கவில்லை.

உமாபதி ரிப்போர்ட்டை வாங்கிப் புரட்டினார். நெற்றி சுருங்கியது.

"என்னங்க இது? ஒரு பேர் கேட்டா அஞ்சு பேர் இருக்கு? பானு, நீங்க, வாணி, ஜெரால்டு, அவங்க மேஸ்திரி. ஒவ்வொருத்தர் பேருக்கும் பக்கத்துல அவங்க ஏன் அப்படிச் செஞ்சாங்கன்னு கதை வேற."

"ஆமாங்க சார்."

"இதுல யாரைங்க பல்லடம் வேலையில இருந்து நிறுத்தறது?"

"யாரை நிறுத்தினாலும் சரிங்க சார். மணி இருபத்தஞ்சு நிமிஷம் கழிச்சுத்தான் அடிக்கும்."

உமாபதி கோகிலவாணியைப் பார்த்தார். கோகிலவாணி ஜன்னல் பக்கம் பார்த்தார். உமாபதி ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து மறுபடியும் படித்தார், இந்த முறை மெதுவாக. கூமுட்டை வந்த இடத்தில் அவரையும் அறியாமல் சிரித்துவிட்டார்.

"அந்த வரியை முதல்ல மாத்துங்க," என்றார். "ரிப்போர்ட்டை இப்படியே அனுப்பிடலாம். பண்ணைக்காரர் ஏதாவது கேட்டா நான் பேசிக்கறேன். பானு, பல்லடம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

கூட்டம் கலைந்தது. பானு நேராகத் தன் மேஜைக்குப் போனாள். நல்லசிவம் பின்னாலேயே போனார்.

"இந்தாம்மா, உன் வேலை. ஆறு நிமிஷம்னு மாத்திரு."

"நீங்களே மாத்துங்கண்ணா. நீங்கதானே கண்டுபிடிச்சீங்க," என்று பானு எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்தாள்.

நல்லசிவம் உட்கார்ந்தார். ஆயிரத்து ஐந்நூறை அழித்தார். முந்நூற்று அறுபது என்று அடித்தார். இரண்டு தரம் சோதித்துப் பார்த்தார். மணி சரியாக ஆறு நிமிடத்தில் அடித்தது. மாற்றத்தைச் சேமிக்கப் போனபோது கிட் தன் வழக்கப்படி ஒரு வெற்றுக் கட்டத்தைக் காட்டி நின்றது. எதற்காக இந்த மாற்றம்?

கையை எடுத்துவிட்டார்.

கோகிலவாணி பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னங்கண்ணா?"

"ஒண்ணுமில்ல குருவே. இதைச் சேமிச்சா, இனி இந்த வரியில கடைசியாக் கை வச்சது நான்தானே?"

"ஆமாங்கண்ணா."

"நாளைக்கே அங்க வேற வண்டி வரலாம். வேற கதவு வரலாம். ஆறு நிமிஷமும் தப்பாப் போகலாம்."

"போகலாம்."

"அப்ப என் பேரைப் பாத்துட்டு யாராவது தேடி வருவாங்க."

"கண்டிப்பா வருவாங்க."

நல்லசிவம் நாற்காலியைத் திருப்பினார். சிவப்பு எழுத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்ட பயம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

"எப்படி வருவாங்க குருவே? என்னைத் திட்டவா, என்கிட்டக் கேக்கவா?"

கோகிலவாணி குனிந்து, திரையில் இருந்த வெற்றுக் கட்டத்தை விரலால் தொட்டார்.

"அதைத்தானேண்ணா இப்ப எழுதப் போறீங்க."